கவாத்துக்குப் போன முத்துசாமி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ இருந்தால் நீங்களே திருத்திப் படியுங்கள். நான் வேலை செய்யும் மொழிப் பயிற்சி நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முத்துசாமியின் கதையை வாயால் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

1. கேத்தலும் புரஜெக்டரும்

பொலிஸ்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க மாத்தளை டவுனில் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. நாவுல, பல்லேபொல பக்கத்துக் கான்ஸ்டபிள்மார் இருபது பேர் படிக்க வந்தார்கள். மண்டபத்தைக் கூட்டுவதும் பிளேன்டீ என்கிற பால் சேர்க்காத தேத்தண்ணி ஊற்றுவதும் என் வேலை. வெள்ளைக்கார நிபுணர் ஒருவர் புரஜெக்டர் கொண்டுவந்தார். முதல் நாளே என் கரண்ட் கேத்தலையும் அவர் புரஜெக்டரையும் ஒன்றாகப் போட்டதில் பியூஸ் போய்விட்டது. இரண்டில் ஒன்றுதான் ஓடும் என்றதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேத்தலைக் காட்டினார். நல்ல மனிதர்.

பாடம் எடுத்தவரைத் தமிழ் மாஸ்டர் என்போம். வடக்கிலிருந்து வந்து கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான் பேசுவது தமிழ் என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“இஞ்ச பாரும், வகுப்புப் பக்கம் வாயைத் திறக்காதேயும். பிள்ளையள் பழுதாப் போயிடுவினம்” என்றார்.

பிள்ளைகள் என்றது மீசை வைத்த கான்ஸ்டபிள்மாரைத்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உத்தரவுகளில் இவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டு நடந்தது வேறில்லை. அவர் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மண்டபத்துக்குள் யாரும் சிங்களம் பேசக்கூடாது. பேசினால் எழுந்து நின்று தமிழ்ப் பாட்டுப் பாட வேண்டும்.

வகுப்பில் கெட்டிக்காரர் பண்டார என்ற கான்ஸ்டபிள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவியிடம், “அம்மணி, தாங்கள் எங்கு செல்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். “நாடகமா தம்பி, எங்க நடக்குது?” என்றாளாம் கிழவி.

2. வாக்குமூலம்

பஸ்ஸை நிறுத்தி, இயக்கத்து ஆளா என்று ஆட்களை இறக்கிப் பார்த்த யுத்த காலம் அது. ஒருநாள் காலையில் உக்குவளை ரோட்டில் ஒரு ஆளை இறக்கினார்கள். பெயர் முத்துசாமி. தோட்டத் தொழிலாளி. கையில் அடையாள அட்டை இல்லை. சாக்குத் துண்டில் சுற்றிய வளைந்த கத்தி இருந்தது. செய்முறைப் பயிற்சிக்காக அங்கே நின்ற பண்டார, யார் உதவியும் இல்லாமல் தானே தமிழில் வாக்குமூலம் எழுதி, ஆளையும் கத்தியையும் மண்டபத்துக்கே கொண்டுவந்துவிட்டார். கோர்ஸுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். சந்தேகப்பட்ட ஆட்களை ஏற்றிப்போக மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு வான் வண்டி வரும் என்றார்கள். அந்த வானில் ஏறியவர்கள் வீடு திரும்ப மாதக்கணக்காகும். சிலர் திரும்பவே மாட்டார்கள்.

நான் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போனபோது பண்டார வாசித்துக்கொண்டிருந்தார்.

“இரண்டு கிழமையாக மலையில் கவாத்துக்குச் சென்றேன். தினமும் விடியற்காலையில் பரேட் நடந்தது. ஆண்கள் மட்டும் இருபது பேர். தலைவர் எங்களுக்குக் கத்தி கொடுத்தார்.”

மாஸ்டரின் சொல் பட்டியலில் கவாத்து என்றால் ஆயுதப் பயிற்சி. வெள்ளைக்காரர் விஷயம் புரியாமல் கைதட்டினார். மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. “எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு விளங்கிவிட்டது. என் அப்பாவும் கவாத்துக்காரர்தான். எங்கள் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவதற்குப் பெயர் கவாத்து. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது பெரட்டு. அதைத்தான் பண்டார பரேட் என்று எழுதியிருக்கிறார். தலைவர் வேறு யாருமில்லை, கங்காணி.

விளங்கி என்ன? வாய் திறக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றேன். மணி ஒன்றே முக்கால். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். தட்டை மேசையில் வைத்தேன்.

“சேர்… கவாத்துன்னா… வெட்டுறதுங்க.”

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். “வெட்டுறதா? யாரை?”

“எல்லாத்தையும் வெட்டுவாங்க சேர். முழங்காலுக்கு மேல ஒன்னையும் விடமாட்டாங்க.”

முன்வரிசையில் ஒரு கான்ஸ்டபிள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எத்தனை ஆள் வெட்டினது?”

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எரநூறுங்க சேர்.”

“அண்ணே!” என்று முத்துசாமி கத்தினார். “ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், பேசாம டீய ஊத்துங்க!”

கண்ணை மூடிக்கொண்டு சிங்களத்தில், “தே கஸ் கப்பாது கரனவா, மாத்தயா!” என்றேன். தேயிலைச் செடி கத்தரிப்பது என்று அர்த்தம்.

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பண்டார மட்டும் சிரிக்கவில்லை. முத்துசாமியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் கணுக்களில் கிளை கிழித்த கீறல்கள். நகத்தில் தேயிலைக் கறை. இன்ஸ்பெக்டர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார். “நேத்தும் கவாத்துலதானே நின்னான்” என்றாராம் பெரிய கிளாக்கர்.

வான் வந்தது. ஆள் ஏறாமலே போனது. முத்துசாமி இரண்டு பிளேன்டீ குடித்தார்.

“சிங்களம் தெரிஞ்ச ஆளு, மொதல்லயே அதச் சொல்லியிருக்கலாமில்ல?”

“இங்க பேசக்கூடாதுங்க. ரூல்.”

கோப்பையை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த ரூலுக்காகவா என்னய எரநூறு பேர வெட்டினவனாக்குனீங்க?”

3. பென்சில்

மறுநாள் மாஸ்டர் சொல் பட்டியலோடு என் சமையலறைக்கு வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கவாத்து எழுதிட்டன். பெரட்டும் எழுதிட்டன். வேற என்ன சொல்லுவியள் உங்கட ஆக்கள்? சொல்லும்.”

“எனக்குப் பேச வராதுங்க ஐயா.”

“நேற்றுப் பேசினதைக் கேட்டனான். அதுக்காகத்தான் பென்சில் கொண்டுவந்தனான், அழிக்கலாம்.”

கோர்ஸ் முடியும்வரை தினமும் வந்தார். பண்டார பிறகு சார்ஜன் ஆனார். யாரிடம் வாக்குமூலம் எடுத்தாலும், ஆள் சொன்ன வேலையைக் கையால் செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாராம்.

நான் படித்துக்கொண்டது வேறு. அன்று தட்டோடு வாய் திறக்காமல் நின்ற நேரம், தேத்தண்ணி ஆறிப்போகிற நேரம். கூச்சம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். பாதி பயம். அவருக்காகப் பேசினால் என் பெயரையும் எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே புதிதாக வந்திருப்பவர்களே, உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஒருவனுடைய தலைவிதியாக இருக்கும்போது, திக்கினாலும் உளறினாலும் உடனே பேசிவிடுங்கள். நான் எவ்வளவோ உளறினேன். அப்படியும் முத்துசாமி அன்று மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

உக்குவளை,
20.04.2009, திங்கட்கிழமை