ரத்து செய்யுமுன் கேட்காத செயலி

இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க சிஞ்ச்வட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரவேற்பு மேசையருகே ஒரு பெண் அழாத குறையாக நின்றிருந்தார். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

கட்கியிலிருந்து கணவரை டயாலிசிஸுக்கு அழைத்து வந்திருக்கிறார். இன்றைய முன்பதிவு ரத்தாகி, அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது.

"ஆன்ட்டிதான் கேன்சல் பண்ணியிருக்காங்க" என்று மேசையில் இருந்த பெண் என்னிடம் இந்தியில் சொன்னாள்.

"நான் எதையும் அமுக்கலக்கா. டைம் பாக்கத்தான் போன்ல ஆப்பத் தொறந்தேன். இட்லி மாவு ஒட்டிக்கிச்சு, ஈர முந்தானையால தொடச்சேன். அவ்வளவுதான்."

போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் அடுத்த வார முன்பதிவின் தேதியும் நேரமும் மட்டும் இருந்தன. பொத்தான் இல்லை, எழுத்து இல்லை. தேதியை இடதுபக்கம் தள்ளினால் ரத்தாம். உறுதிதானா என்றுகூடக் கேட்பதில்லை.

"ஆப்பை போன வாரம்தான் மாத்தினாங்க. ரொம்ப சிம்பிள், மேடம்" என்றாள் வரவேற்புப் பெண். அடுத்த இடம் நாளை மறுநாள்தானாம்.

சக்கர நாற்காலியில் வீங்கிய கால்களோடு இருந்த கணவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நாளைக்கும் அரை டம்ளர் தண்ணிதானா?"

"டயாலிசிஸ் ஆகுறவரைக்கும் அவ்வளவுதான். வாயக் கொப்பளிச்சுத் துப்பிக்கோங்க" என்றார் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

செயலி வடிவமைக்கும் நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். "ரத்து செய்யட்டுமா?" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தத் திரையின் அழகு எவ்வளவு கெட்டிருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.