மஞ்சள் துண்டும் பொம்மைக் கரடியும்

எங்கள் விடுதி வார்டன் அக்காவின் தோளில் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு மஞ்சள் துண்டு கிடக்கும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படித்த எங்களுக்கு வாரம் ஒரு படம் உண்டு. டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். அக்கா டிவிக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பார். கதாநாயகன் நாயகியை நெருங்கினால் போதும், துண்டு திரைமேல் விழுந்துவிடும். பத்து எண்ணிவிட்டுத்தான் எடுப்பார். அதற்குள் நாங்கள் மனசில் ஓட்டிப் பார்த்தது படத்தில் இருந்ததைவிட மோசமாகத்தான் இருக்கும்.

ஒருத்தியின் மாமா துபாயிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். அட்டையில் தொப்பை வைத்த கார்ட்டூன் கரடி. மற்றப் படமென்றால் அக்கா நாலு பேரிடம் விசாரிக்காமல் போடமாட்டார். இதற்கு விசாரிக்கவில்லை. பொம்மைப் படம்தானே, சின்னப் பிள்ளைகள் பார்ப்பது என்று நினைத்துவிட்டார். பெரியவர்களுக்கென்றே கொச்சையாகப் பொம்மைப் படம் எடுப்பார்கள் என்று நாங்கள் யாருமே கேள்விப்பட்டதில்லை.

கரடி குடித்தது, ஏப்பம் விட்டது, கால்சட்டை அவிழ்ந்து நின்றது. அக்கா திகைத்துப் போனார். கை துண்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பொம்மையின் அம்மணத்தை மூடுவதா வேண்டாமா என்று அவருக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஆடு ஒன்று ஊன்றுகோலோடு வந்தது. கரடி அதன் பின்னாலேயே நொண்டி நடந்து காட்டி, கோலை எட்டி உதைத்தது. ஆடு சேற்றில் குப்புற விழுந்தது. ஹாலே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் பக்கத்தில் இருந்தவள் சீவலப்பேரிக்காரி. சின்ன வயதில் போலியோ வந்து வலது காலில் இரும்புப் பட்டை போட்டவள். தினமும் பள்ளிக்கு அவள் பையை நான்தான் சுமப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாக. ஆனால் அவள் கை பாவாடையை இழுத்து இழுத்து அந்த இரும்பை மூடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் சிரிப்பை நிறுத்த நினைத்தேன். வாய் உடனே மூடவில்லை.

துண்டு விழுந்தது. சத்தத்தைக் குறைக்க அக்காவுக்குத் தோன்றவில்லை. துண்டுக்கு அடியில் கரடி சிரித்துக்கொண்டே இருந்தது, வெளியே நாங்களும். அக்காவின் முகம் வெளிறியிருந்தது.

“எதுக்குட்டி சிரிக்கிய?” என்றார்.

சீவலப்பேரிக்காரிதான் பதில் சொன்னாள்.

“பொம்மைதானக்கா.”

அடுத்த வாரத்திலிருந்து அவள் படம் பார்க்க வரவில்லை. பையையும் தானே தூக்கிக்கொண்டாள். நான் காரணம் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்க என்ன இருக்கிறது. மன்னிப்பும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து ஊருக்குப் போனவளை அதன்பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது என் மகனுக்குப் பதினைந்து வயது. போன மாதம் அவன் போனில் அதே மாதிரி ஒரு கார்ட்டூன் ஓடியது. இந்த வயசுப் பிள்ளை பார்க்கலாமா, கெட்ட வார்த்தை வருகிறதா, துணியில்லாமல் வருகிறார்களா என்று கண்காணிக்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் வந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு ஒரு கிழவன் சக்கர நாற்காலியோடு படிகளில் உருண்டான். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னம்மா, நீயும் சிரிக்கே?”

அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. என் கை தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை.