குட்டைக்கு ரெண்டு கூடை சுண்ணாம்பு

இரும்பு வாளிக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவனுக்கு மீனுக்கும் பார்க்கத் தெரியும் என்று நம்பிய முட்டாள் நான். சுதந்திரம் வந்த புதிது. திருவொற்றியூரில், வாளிகள் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசும் பட்டறையில் எனக்கு வேலை. பூசுவதற்கு முன் வாளியை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவைக் கழற்ற வேண்டும். துருவைத் தின்று தளர்ந்துபோன ஆசிட்டைப் பின்பக்கக் கால்வாயில் திறந்துவிடுவோம். திறந்துவிடுகிறவன் நானேதான்.

அந்த வருஷ மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டு என் மச்சானின் குட்டைக்குள் பாய்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, என் மனைவியின் அண்ணனான அவருக்கு அந்தக் குட்டைக் கெண்டைகள்தான் சோறு.

காலையில் செய்தி வந்து ஓடினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து அடித்தரை தெரிந்தது. கெண்டைகள் எல்லாம் கால்வாய்க்கு எதிர் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு, செவுளை விசிறி போல அடித்தபடி இருந்தன. மச்சான் வலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

“வாரிக்கினு போயி பக்கத்துக் குட்டையில வுட்டுடலாம். ஒரு முனையைப் புடி மாப்ளே.”

நான் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். பட்டறையில் தொட்டியின் வீரியத்தை அப்படித்தான் பார்ப்போம். பல் கூசியது.

“வெறும் புளிப்புதான் மச்சான். மீனை பேஜார் பண்ணாத. ரெண்டு கூடை சுண்ணாம்பு போட்டா அடங்கிடும்.”

“நெசமா தெரியுமா உனக்கு?”

“இந்த நாக்காலதான் சம்பாரிச்சிகினு கீறேன்.”

அவர் வலையைக் கரையில் போட்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கூடையோடு கவிழ்த்தேன். தண்ணீர் மங்கி, மஞ்சளாகி, செங்கல்லைக் கரைத்தது போல ஆனது. அழுக்கு வெளியே வருகிறது, நல்ல அடையாளம் என்று கரையில் நின்று பிரசங்கம் வேறு செய்தேன். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு நான்கைந்து. மச்சான் பாய்ந்து வலையை இழுத்தார்; வந்தவையெல்லாம் துவண்டே வந்தன.

ஒன்றின் செவுளைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் துருச் சேறு அப்பியிருந்தது. ஆசிட்டில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த இரும்பு, சுண்ணாம்பு பட்டதும் துருவாகத் திரண்டு, மீன் மூச்சு விடும் இடத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது. தொழிலில் ஒரு வாளிக்குக்கூட நான் அவ்வளவு சீராகப் பூசியதில்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

“ஆனா மச்சான், தண்ணியில இப்ப ஆசிட் இல்ல.”

“அப்ப நீ எறங்கி நீந்து.”