முழு மதிப்பெண் வாங்கிய வீடு

எங்கள் சுகாதார நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு ரத்தசோகை வராமலிருக்க இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவர், அதனால் இரும்பக்கா. முன்பெல்லாம் வீடு வீடாகப் போய், கீழிமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்துக் கெடக்கே, மாத்திரைய எங்கடி தூக்கிப் போட்ட?" என்று பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். மருந்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் கதைகளைக் கேட்டால்தான் பொழுது போகும்.

அப்புறம் வந்தது பிள்ளைகளுக்கான செல்போன் பாடம். ரத்தசோகை, மாதவிலக்கு, மாத்திரை என்று வாரம் ஒரு வீடியோ, முடிவில் கேள்விகள். மதிப்பெண் குறைந்த வீட்டுக்கு மட்டும் போனால் போதும் என்று மேலிடத்து உத்தரவு. மார்க் வாங்கினால் உடம்பில் ரத்தம் ஊறிவிடுமா? எந்த மகராசன் மூளையில் உதித்ததோ தெரியவில்லை. இரும்பக்காவும் முணுமுணுத்தார். ஆனால் ஒண்டி ஆள், முழங்கால் வலி வேறு. உத்தரவு அவருக்கு வசதியாகவும் இருந்தது.

ஆட்டோக்காரர் மகள் எப்போதும் முழு மதிப்பெண். கெட்டிக்காரக் குட்டி என்று இரும்பக்கா என்னிடம் பீற்றிக்கொள்வார். அந்தத் தெருப்பக்கமே அவர் போகவில்லை.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியும் பயனில்லை. ரத்தசோகை முற்றி இதயம் முன்பே தளர்ந்துபோயிருந்ததாம். போய்ச் சேர்ந்துவிட்டாள்.

துக்கம் கேட்க இரும்பக்காவோடு நானும் போனேன். ஆட்டோக்காரர் சுவரோடு சாய்ந்திருந்தார். வீட்டுக்கு ஒரே போன். அது பகலெல்லாம் ஸ்டாண்டில் அவரோடுதான் இருக்குமாம். மகள் பேர் கெட்டுவிடக் கூடாதென்று, சவாரி வராத நேரத்தில் வீடியோ பார்த்து அவரே பதில் போட்டுவிடுவாராம். தெரியாததற்குச் சக டிரைவர்களைக் கேட்பாராம். மீசைக்கார ஆம்பளைகள் கூடி உட்கார்ந்து மாதவிலக்கைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள். வேறு நாளாயிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

குமட்டுகிறது என்று பிள்ளை மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டதாகத் தாய் சொன்னாள். பிரிக்காத அட்டைகள் அலமாரியில் கிடந்தன.

இரும்பக்கா ஆட்டோக்காரர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நான் ஒரு தடவையாவது வந்திருக்கணும்ண்ணே" என்றார்.

ஆட்டோக்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

"குமட்டுனா சாப்பிட்டப்புறம் போடணும்னு எனக்குத் தெரியும்மா. அந்தக் கேள்விக்கும் சரியாத்தான் போட்டேன்."