சந்திரமதிக்கு மூலம்

சந்திரமதிக்கு வந்த சீக்கை வெளியில் சொன்னால் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். காஜா பெராங்கில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படியோர் இக்கட்டு வந்திருக்காது.

எல்லாம் அந்தக் கொடிகளால் வந்த வினை. ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்தது. சந்திரமதி விடிந்ததிலிருந்து தையல் மிஷினில் உட்கார்ந்து, பதினோரு கோடும் பதினோரு முனை நட்சத்திரமுமாகக் கொடி தைத்துத் தள்ளினாள். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட மனம் வராது. மலம் கல்லாக இறுகியது. முக்கினாள். ஒருநாள் கழுவும்போது திராட்சை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு கிளினிக்குக்குப் போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் காட்டினாள்.

"வெளி மூலம்மா. ரத்தம் கட்டியிருக்கு, தானா வத்திரும். பேசின்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி அதுல உக்காரு. பப்பாளி, கீரை தின்னு, தண்ணி நெறையக் குடி. முக்காதே. ரத்தம் வந்தா டாக்டர்கிட்ட காட்டிரு."

இவ்வளவுதானா என்றிருந்தது. கட்டி வற்றத் தொடங்கியது, வெட்கம் வற்றவில்லை. அம்மா ருக்மணியிடம் மட்டும் சொன்னாள்.

ருக்மணி யாரிடம் சொல்வாள்? துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரிடம் சொன்னாள். அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு, "எம்மவ சந்திரமதிக்கு மூலம்பா, நீதான் பாக்கணும்" என்று கண்ணை மூடி உருகினாள். பக்கத்தில் நின்ற அஞ்சலைக்குப் பாம்புக் காது. அவள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு வேறு. அர்ச்சனைத் தட்டோடு நின்று சொன்னால் பேரும் நட்சத்திரமும்தானே? மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று அலறியடித்துக்கொண்டு அங்கே ஓடினாள்.

மறுநாள் மாப்பிள்ளை தியாகுவின் அப்பா நல்லையா வந்து நின்றார். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். ருக்மணி மூன்று தடவை நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவ்வளவு கோபம் போலிருக்கிறது.

"பொண்ணுக்கு ரோகிணின்னீங்க. இப்ப மூலமாமே? என் உசுருக்கு உலை வைக்கப் பாத்தீங்களா?"

"ஐயோ சம்மந்தி, ரோகிணிதான்!"

ஜாதகத்தைக் காட்டலாமென்றால் ஜப்பான்காரன் காலத்தில் அது வீட்டோடு எரிந்துபோயிருந்தது.

"கோயில்ல உங்க வாயாலயே சொன்னீங்களாமே?"

மகளின் மானத்தை ருக்மணி எப்படிச் சந்தியில் வைப்பாள்?

உள்ளறையில் நின்ற சந்திரமதிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. தியாகுவை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. கதவோரம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, அது நட்சத்திரம் இல்ல. சீக்கு. உக்கார்ற எடத்துல."

சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ருக்மணி பதறிப்போய், மிஸ்ஸி சொன்ன பேசின், வெந்நீர், பப்பாளி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

நல்லையா வாசல் பக்கம் திரும்பினார். இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே சந்திரமதி நினைத்தாள். அவர் வாசலை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியை ஒரு தடவை பார்த்தார், அப்போதும் உட்காரவில்லை.

"அந்தத் தண்ணி," என்றார் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு சூடா இருக்கணும், மருமவளே?"