றம்ஸியாவின் பாதி முகம்

மருதமுனையில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். அந்தப் பெண்ணை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கருத்துகளையெல்லாம் காதில் வாங்கியபடியே வருடக்கணக்காகப் பார்லர் நடத்துகிறவள் றம்ஸியா.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கட்டாரிலிருந்து கணவன் ஸப்ரி ஒரு முகமூடி அனுப்பினான். உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு பல்புகள். பரு போகும், சுருக்கம் போகும், முகம் வெளுக்கும் என்று பெட்டியில் அளந்துவிட்டிருந்தார்கள். றம்ஸியா அதை அப்படியே நம்பி வாசலில் பலகையும் மாட்டினாள்.

கேதீஸ்வரி மட்டும் நம்பவில்லை. காரைதீவுக்காரி, கல்முனையில் தோல் கிளினிக்கில் தாதி. புருவம் எடுக்க வந்தவள் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஆராய்ச்சி இல்லாம இல்ல றம்ஸியா. பருவுக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் கொஞ்சம் பலன் கண்டிருக்காங்க. ஆனா அதில கனக்க, கொஞ்சப் பேர வெச்சிச் செஞ்ச சின்ன ஆராய்ச்சிதான். வீட்டில போடுற மெசினுக்குச் சக்தியும் குறைவு. வெளுக்கிற கதைக்கு ஆதாரமே இல்ல. கன்னத்தில கறுத்தத் திட்டா கரும்படை உள்ள ஆக்களுக்கு அது சிலவேளை கூடவும் செய்யும்."

றம்ஸியாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் எப்பிடி அறியிற?"

"பாதி முகத்த மூடிக்கொண்டு மத்தப் பாதிக்கு மட்டும் லைட்டப் போட்டுப் பாரு. ஆராய்ச்சியிலயும் அப்பிடிச் செய்யிறதான்."

இடது பக்கத்தைக் கறுப்புச் சாறன் துண்டால் மூடிக்கொண்டு வாரக்கணக்கில் முகமூடியும் தானுமாக இருந்தாள் றம்ஸியா. வலது தாடையில் பரு கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் அதே பக்கத்துக் கன்னத்தில் இருந்த கரும்படை முன்னைவிடக் கறுத்திருந்தது. ஒருத்தியின் முகத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று கேதீஸ்வரி சொன்னாள்தான். இருந்தாலும் றம்ஸியா பலகையைக் கழற்றிவிட்டாள்.

அடுத்த கிழமை பக்கத்துத் தெரு றம்லா தன் மகள் சஹ்லாவைக் கூட்டிவந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம். பிள்ளையின் கன்னமெல்லாம் பழுத்த பரு, தழும்பும் விழத் தொடங்கியிருந்தது.

"லைட்ட அடிச்சி உடு புள்ள."

"இது லைட்டுக்கு அடங்குற பருவில்ல ராத்தா. டொக்டரிட்டக் காட்டுங்க. இப்ப மருந்து எடுக்காட்டித் தழும்பு நிண்டுரும்."

றம்லாவுக்கு முகம் சுண்டிப்போனது. நிச்சயித்த பெண்ணைத் தோல் டொக்டரின் வாசலில் யாராவது கண்டால் போதும், பின்னேர அஸர் தொழுகைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விடும். போகிற வழியில் பரு பெருவியாதியாகிவிடும். இந்தப் பயத்தில்தான் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளின் முகத்தைக் கண்ட கண்ட கிரீமுக்குக் காவு கொடுக்கிறார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சஹ்லா அழுதுகொண்டிருந்தாள்.

"கல்முனை வேணாம், பக்கம், ஆரும் கண்டுருவாங்க. அக்கரைப்பற்றுக்குப் போவம்," என்றாள் றம்ஸியா. "என்ட பேரில நம்பர் எடுக்கிறன். ஆரும் கேட்டா, எனக்குத் துணைக்கு வந்த எண்டு சொல்லுங்க."

அக்கரைப்பற்றில் டொக்டரின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளையின் உம்மாவேதான். றம்லா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"ஆருக்கு மருந்து?" என்றாள் அந்த அம்மாள்.

"எனக்குத்தான்," என்று றம்ஸியா கறுத்த கன்னத்தைக் காட்டப்போனாள். அதற்குள் சஹ்லா முகத்திரையைத் தூக்கிவிட்டாள்.

"எனக்கு மாமி. முகமெல்லாம் பரு. உங்களுக்குத் தெரிஞ்சிரும் எண்டு பயந்துதான் இவ்வளவு தூரம் வந்த."

மாமி வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இதில இரு மகள். என்ட மகனும் உள்ளுக்குத்தான் இரிக்கான். அவனுக்கும் பருதான். உங்கட ஆக்கள் கண்டுருவாங்க எண்டுதான் நாங்களும் இஞ்ச வந்த."

கதவு திறந்தது. டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு வெளியே வந்த மாப்பிள்ளை இவர்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். சஹ்லா முகத்தை மூடாமல் சிரித்தாள்.