வராதவரின் பெயர்

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா. உங்க அம்மா சோத்துக்குக் கூப்பிடற மாதிரி."

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் கூச்சத்தோடு மூன்றாவது முறையாகத் தன் முழுப் பெயரையும் சொல்கிறாள். நாங்கள் நூலக்கா என்று கூப்பிடுகிற தையல்காரி கண்ணை மூடிக் கேட்கிறாள். பிறகு தானும் அதை வாய்க்குள் உருட்டிப் பார்க்கிறாள். சரியாக வந்த பிறகுதான் தையல் எந்திரத்தின் பொத்தான் மேல் கை போகிறது. வெள்ளைக் கோட்டின் பைக்கு மேலே நீல நூலில் பெயர் ஊர்ந்து வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு அடியில், சலவைக்கூடத்தை ஒட்டின அறை அது. தலைக்கு மேலே நீராவிக் குழாய் ஓடுவதால் எப்போதும் புழுக்கம். நான் அழுக்குத்துணி வண்டி தள்ளுகிறவன். நாளைக்கு நாலு தடவை அந்த வாசலில் நின்று மூச்சு வாங்குவேன், அவள் பேச்சையும் வாங்குவேன். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடிக்கு ஒரு கால் போய்விட்டது. அந்தப் பக்கம் சிவப்பு நூல் காதைச் சுற்றியிருக்கும். காலரில் குண்டூசி வரிசை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் இந்தக் கட்டடத்தில் யார் நெஞ்சில் பெயர் இருந்தாலும் அது அவள் தைத்தது.

அலுவலகம் அனுப்புகிற பட்டியலை மட்டும் அவள் நம்ப மாட்டாள். "தாளுக்கு வாய் இருக்கா? ஆளை அனுப்புங்க" என்பாள். ஆள் வந்தால் பெயருக்கு அர்த்தம் என்ன, வைத்தது யார் என்று கேட்காமல் விட மாட்டாள். இங்கே பல தேசத்து ஆட்களும் வேலை பார்க்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் பெயருக்கு 'வெள்ளிக்கிழமை' என்று அர்த்தமாம். அவர்கள் பக்கம் பிறந்த கிழமைதான் பெயர். எக்ஸ்ரே எடுக்கும் பெண் வீட்டில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். சமையல்கட்டுப் பெரியவர் அப்பா வீட்டுப் பெயர், அம்மா வீட்டுப் பெயர் இரண்டையும் சுமக்கிறார். எங்கள் எலக்ட்ரீஷியன் குடும்பப் பெயருக்குக் 'கொல்லன்' என்று அர்த்தம். "கொல்லன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியலையே" என்று நூலக்கா கேட்டாள். அவன் அவளுக்குக் கோட்டு மாட்ட அடித்துக் கொடுத்த ஆணி இன்றைக்கும் கோணலாகவே இருக்கிறது.

அந்தக் கோணல் ஆணியில் தொங்குகிற கோட்டைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவள் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் இரண்டு கட்டம். ஒன்று பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். அதைத்தான் அவள் சொன்னாள். கவுண்டரில் இருந்தவன், "புள்ளியெல்லாம் கட்டத்துல ஏறாதும்மா, விரிச்சுச் சொல்லு" என்று அப்பா பெயரை வாங்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டான். கணினி குடும்பப் பெயரை முன்னால் வைத்தது. அது நீளப் பெயர். மிச்சத்துக்கு இடம் இல்லை. அதனால் அவள் பெயரை ஒரே எழுத்தாக வெட்டிக் கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட்டது.

"பார்த்தீங்களா வண்டிக்காரரே? புள்ளியோட நிக்க வேண்டியவர் முழுசா உக்காந்திருக்கார். நான் புள்ளியோட நிக்கிறேன்."

பட்டியலில் உள்ளதுதான் கோட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஊரார் பெயரையெல்லாம் திருத்துகிறவள் தன் கோட்டில் அந்த ஆம்பளைப் பெயரைத் தன் கையாலேயே தைத்துக்கொண்டாள். அலுவலகக் கடிதம் அவளுக்கு 'ஐயா' என்றுதான் வரும்.

அந்த மனுஷன் அவள் பிறந்த வாரமே வீட்டை விட்டுப் போனவர். போனவர் போனவர்தான். "அவர் பேருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? காப்பவன்" என்பாள். "காத்த லட்சணத்தை எங்கம்மாவைத்தான் கேக்கணும்." அவள் பெயருக்கு அர்த்தம் வெளிச்சம். விளக்குக்கு எண்ணெய் இல்லாத வீட்டில் அம்மா தனியாக யோசித்து வைத்த பெயர். அதைத்தான் இவர்கள் ஒற்றை எழுத்தாக நறுக்கினார்கள்.

மூன்று தடவை மனு கொடுத்தாள். மூன்று தடவையும் 'கணினி ஏற்காது' என்று பதில். கணினி என்ன செய்யும் பாவம்? கட்டம் போட்டவன் மனுஷன்தானே? ஊசியால் நரம்பைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கட்டடத்தில் ஒரு பொம்பளையின் பெயரைத் தேடிப் பிடிக்க ஆள் இல்லை.

போன வாரம் புதுப் பட்டியல் வந்தது. ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஓய்வு பெறுகிற அன்றைக்குக் கொடுக்கும் தாள் வரைக்கும் அதுதான் பெயர். காலையில் சலவைக்கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து மேற்பார்வையாளர் வாசித்தார். அவள் அப்பா பெயர் வந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை வாசித்தார்.

"அவர் வரலைங்க சார்" என்றாள் நூலக்கா. "அம்பத்திரண்டு வருஷமா வரலை."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"விளையாடாதீங்கக்கா. கையெழுத்து இல்லைன்னா ஆப்சென்ட் போடணும். ஆப்சென்ட்னா பட்டியல்லயே பேரு இருக்காது. அப்புறம் வேலை நிக்குமான்னு எனக்கே தெரியாது."

"இப்ப மட்டும் என் பேரு இருக்கா சார்?"

மேற்பார்வையாளர் பேனாவை மூடித் திறந்தார். அவர் கோட்டிலும் பெயர் இருந்தது. எழுத்துப் பிசகாமல் அவள் தைத்த பெயர்.

"ஆப்சென்ட் நீங்க ஏன் போடறீங்க, பாவம். குடுங்க, நானே போடறேன்."

பேனாவை வாங்கினாள். காதில் சிவப்பு நூலைச் சரிசெய்துகொண்டாள். அப்பா பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். அதற்குக் கீழே, கட்டம் முடிந்துபோன வெற்று இடத்தில், அவருக்கு ஒரே ஒரு எழுத்து எழுதிப் புள்ளி வைத்தாள். பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். எழுதி முடித்த பிறகு பேனா முனையைத் திரும்பக் கொண்டுபோய், அந்தப் புள்ளியை மட்டும் இன்னொரு தடவை அழுத்தினாள்.